ரைசன் 5 5600 ஓவர்கிளாக்: வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் முழு வழிகாட்டி

ஓவர்கிளாக் (ப்ராசசரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்றதும் பலரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், வேகப் பெருக்கி 44 என்று இருக்கும் இடத்தில் 47 போட்டு, வோல்டேஜை 1.4-க்கு ஏற்றி, ப்ராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்சை ஒருமுறை ஓட்டி, வந்த ஸ்கோரை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது சரியான வழிதான். 1998-இல் இன்டெல் செலரான் 300ஏ வாங்கியவர்கள் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் 450-இல் ஓடியது. 2011-இல் வந்த ஐ5-2500கே-வின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், நல்ல கூலர் இருந்தால் 4.5 வரை போவது சாதாரணம். அப்போது ப்ராசசருக்குள் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தது.

இப்போது அந்த இடத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்துவிடுகிறார். ரைசன் மாதிரியான ப்ராசசர் தன் சூடு, இழுக்கும் மின்சாரம், கிடைக்கும் வோல்டேஜ் மூன்றையும் மில்லிசெகண்ட் கணக்கில் பார்த்துக்கொண்டு, 25 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தானே ஏறி இறங்குகிறது. நாம் ஒரு எண்ணைப் பிடித்து ஆணி அடித்தால் அதன் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். சூட்டைக் குறைத்து, தேவைக்கு மேல் போகும் வோல்டேஜைக் குறைத்து, கொஞ்சம் உயர எல்லை கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். நான் வைத்திருப்பது ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. ரைசன் 5000 வரிசையில் வேறு எது வைத்திருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவையேதான். இன்டெல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

முதலில், தடை ப்ராசசர்தானா?

இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் இரண்டு வாரம் வீண். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும் போட்டுக்கொள்ளுங்கள். விளையாடும்போது திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), 1 சதவீதக் குறைந்த எஃப்பிஎஸ் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்), கிராபிக்ஸ் கார்டு பயன்பாடு, ஒவ்வொரு த்ரெட்டின் (ப்ராசசர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசையின்) பயன்பாடு எல்லாம் தெரிகிற மாதிரி வையுங்கள். வி-சிங்க் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் வசதி), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு உங்கள் வழக்கமான விளையாட்டை அரை மணி நேரம் ஆடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு 97, 99 சதவீதத்தில் நின்றால் தடை அதுதான். ப்ராசசரை என்ன செய்தாலும் ஒரு ஃபிரேம்கூட கூடாது, இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு விளையாட்டின் செட்டிங்ஸைக் குறைக்கலாம். கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருந்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் ப்ராசசர்தான் பிடித்து இழுக்கிறது. இங்கே ஒரு இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்: டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 40 சதவீதம் என்று காட்டும், உடனே ‘ப்ராசசருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடுவார்கள். 5600-இல் 12 த்ரெட்கள். விளையாட்டின் முக்கிய வேலை ஒரே ஒரு த்ரெட்டில் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம்தான். மொத்தத்தைப் பார்க்காதீர்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள், எஃப்பிஎஸ் அசையவே இல்லையென்றால் ப்ராசசர் பக்கம்தான் தடை, எகிறினால் கார்டு பக்கம்.

வேலரன்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவற்றை லோ செட்டிங்ஸில், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட மானிட்டரில் ஆடுபவர்களுக்குத்தான் இந்த வேலை நிஜமாகப் பயன்படும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கதை விளையாட்டு ஆடுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 5600 அதிகபட்சமாக 4.45 கிகாஹெர்ட்ஸைத் தொடும், நாம் அதை 4.65 வரை அனுமதிக்க முடியும். கணக்குப் போட்டால் நாலரை சதவீதம். பழைய நாள் மாதிரி மூன்றில் ஒரு பங்கு கூடாது. ஆனால் சரியாகச் செய்தால் இந்த நாலரை சதவீதம் குறைந்த வோல்டேஜில், குறைந்த சூட்டில் கிடைக்கும். ரேமை அதன் சரியான வேகத்தில் ஓட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைத் திருத்துவதால் கிடைப்பது இதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

மேசைக் கணினிக்கான ரைசன் ப்ராசசர்கள் பெரும்பாலும் பூட்டப்படாதவை, அதாவது பெருக்கியை நாமே மாற்றலாம். 5000 வரிசையில் 5800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி வகைகள் விதிவிலக்கு, அவற்றின் மேல் அடுக்கிய கேச் அதிக வோல்டேஜைத் தாங்காது என்பதால் பெருக்கியைப் பூட்டித்தான் விற்றார்கள். மதர்போர்டில்தான் கவனம் வேண்டும்: ஏ520 போர்டில் ப்ராசசர் ஓவர்கிளாக் கிடையாது. பி450, பி550, எக்ஸ்470, எக்ஸ்570 என்றால் முடியும். போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் பகுதிக்கு மேல், அதாவது ப்ராசசருக்குப் பக்கத்தில், அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். 5600 அதிகம் இழுக்காது என்றாலும், மொட்டையாக இருக்கும் போர்டில் நான் மின்சார எல்லைகளைத் தொடமாட்டேன்.

5600-உடன் டப்பாவில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் சாதாரண வேலைக்குப் போதும், ஓவர்கிளாக்குக்குப் போதாது. நான்கு ஹீட்பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள ஒற்றை டவர் கூலர் போதுமானது, டீப்கூல் ஏகே400 மாதிரி. இந்த ப்ராசசருக்கு லிக்விட் கூலர் தேவையில்லை, அந்தப் பணத்தை ரேமிலோ, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலோ போடுங்கள். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் மலிவு பார்க்கவே கூடாது. பெயர் தெரியாத ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு, விளையாட்டின் நடுவில் கணினி திடீரென்று அணைந்து எழும்போதெல்லாம் பயாஸில் எண்களை மாற்றி மாற்றி ஒரு மாதம் நான் அலைந்திருக்கிறேன். எண்களில் எந்தத் தவறும் இருக்கவில்லை. அதை மாற்றிய அன்றோடு அந்தப் பிரச்சினை போய்விட்டது.

உத்தரவாதத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பிபிஓ-வை (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், ப்ராசசரின் மின்சார, வேக எல்லைகளைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) இயக்குவதும் ஓவர்கிளாக் கணக்கில்தான் வரும், அதனால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி உத்தரவாதம் இல்லை. பயாஸில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே ஓர் எச்சரிக்கை வரும், படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு முன்னால் அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். காகிதம்தான் வேண்டும், ஏனென்றால் கணினி எழாமல் போகும்போது கணினிக்குள் எழுதி வைத்த குறிப்பு உதவாது. பயாஸை முழுக்க இயல்பு நிலைக்கு மாற்றி, சூடு, வேகம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ-வைத் திறந்து வைத்து, சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஸ்கோர், அதிகபட்ச சூடு, மொத்த வாட், எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது என்ன வேகம், ஒரே கோர் ஓடும்போது என்ன வேகம் என்பதைக் குறியுங்கள். பிறகு உங்கள் விளையாட்டில் ஒரே இடத்தில், ஒரே பாதையில் மூன்று முறை ஓடி எஃப்பிஎஸ்ஸையும் 1 சதவீதக் குறைந்ததையும் எழுதுங்கள். மூன்று முறைக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் வருகிறது என்று தெரிந்தால்தான், பின்னால் வரும் மூன்று சதவீத முன்னேற்றம் உண்மையா வெறும் தற்செயலா என்று சொல்ல முடியும்.

அறையின் சூட்டையும் எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை, எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். காற்றுக் கூலர் எப்போதும் அறைச் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 66 காட்டும் ப்ராசசர், மே மாதம் மதுரையில் ஃபேன் மட்டும் ஓடும் 37 டிகிரி மாடி அறையில் 79 காட்டும். குளிர்நாட்டுக்காரர்கள் டிசம்பரில் எடுத்துப் போடும் வீடியோவில் உள்ள எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். கடைசிச் சோதனையை மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல் செய்யுங்கள்.

சூடு

5600-இன் உச்ச வரம்பு 90 டிகிரி. ஆனால் அதைத் தொட்டால்தான் வேகம் குறையும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு வெகு முன்னாலேயே சூடு ஏற ஏற 25, 25 மெகாஹெர்ட்ஸாக இறங்கிக்கொண்டே வரும். ஆகவே கூலரைச் சரி செய்வதே ஒரு ஓவர்கிளாக்தான். பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரைசன் 5000 அமரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரைக் கழற்றும்போது ப்ராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும் ஆபத்து உண்டு, எனவே கழற்றும் முன் பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை நேராக இழுக்காமல் இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

கேபினெட்டின் பக்கத் தட்டைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை சோதியுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேபினெட்டுக்குள் காற்று வரவில்லை என்று அர்த்தம். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அவ்வளவு போதும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

பயாஸும் ரேமும்

வோல்டேஜைக் குறைக்க நாம் பயன்படுத்தப்போகும் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி ரைசன் 5000-உடன்தான் வந்தது, பழைய பயாஸில் அது இருக்காது. உங்கள் போர்டின் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பயாஸை இறக்கிப் பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஃபிளாஷ் செய்யுங்கள். அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டு எழாமல் போய்விடக்கூடும், ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது ரேம். இரண்டு ரேம் குச்சிகள் என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். ஒற்றைக் குச்சியில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்று வாங்கிப் போடுவதுதான் உங்களுக்கான ஓவர்கிளாக். ரேமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓட்டுவதற்காகப் பயாஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ இருப்பதை இயக்காமல் விட்டால் 3600 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் 2133-இலோ 2666-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி வருடக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். எக்ஸ்எம்பி-யை இயக்கிய பிறகு எஃப்சிஎல்கே என்ற எண்ணைப் பாருங்கள், 3600 ரேமுக்கு அது 1800 என்று இருக்க வேண்டும் (டிடிஆர் ரேமின் நிஜக் கடிகாரம் அதன் எண்ணில் பாதி). ரேமும், ப்ராசசருக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் (எஃப்சிஎல்கே அதன் வேகம்தான்) ஒரே தாளத்தில் ஓடுவதால் தாமதம் குறையும். 4000 ரேம் வாங்கி இந்தத் தாளம் உடைந்தால் வேகம் கூடாமல் குறையவே வாய்ப்பு அதிகம்.

ரேம் வோல்டேஜ் 1.35 என்று வரும், டிடிஆர்4 எக்ஸ்எம்பி-க்கு அது இயல்பு. எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை) மட்டும் ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். 1.1-க்கு மேல் போகாமல் கையால் வையுங்கள், எனக்கு 1.05-இலேயே நிற்கிறது. போர்டு தானாகத் தரும் வோல்டேஜ் எப்போதும் பாதுகாப்பான பக்கம்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2023-இல் ரைசன் 7000 வரிசையில் சில ப்ராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய பிறகுதான், புதிய பயாஸ் வழியாக எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 என்று கடிவாளம் போட்டார்கள்.

ரேமை மாற்றியதும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. இது தேறாமல் ப்ராசசர் பக்கம் போகவே போகாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ரேமையும் கர்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, நீலத்திரை வரும்போதெல்லாம் கோர் கோராக எண்களைத் தளர்த்தி மூன்று நாள் போராடினேன். பிழை ரேமில் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அது தேறினால்தான் அடுத்தது.

பிபிஓ-வும் கர்வ் ஆப்டிமைசரும்

இதுதான் மைய வேலை. பயாஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதியில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்று இருக்கும், எச்சரிக்கையை ஒப்புக்கொண்டால் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் கிடைக்கும். அதை அட்வான்ஸ்டு என்று வையுங்கள். சில போர்டுகளில் இதே பெயரில் இரண்டு இடங்களில் இருக்கும், ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

முதலில் வருவது மூன்று எல்லைகள்: மொத்த வாட்டுக்கான பிபிடி, தொடர்ந்து இழுக்கும் ஆம்ப்புக்கான டிடிசி, ஒரு நொடிப்பொழுதுக்கான ஆம்ப்பைச் சொல்லும் இடிசி. 5600-இல் இவை 76 வாட், 60 ஆம்ப், 90 ஆம்ப். விளையாட்டுக்காக மட்டும் செய்பவர் இதைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. என் கணினியில் விளையாடும்போது ப்ராசசர் 60 வாட்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை, 76-ஐ எட்டாதவருக்கு எல்லையை 142 ஆக்கி என்ன பயன்? வீடியோ ரெண்டர் செய்பவர்கள் 95, 70, 105 என்று கொஞ்சமாக ஏற்றிப் பார்க்கலாம். ‘மதர்போர்டு’ என்ற தேர்வை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது எல்லையே இல்லாத மாதிரி பெரிய எண்களைப் போட்டுவிடும். சூடு ஏறும், விளையாட்டில் ஒன்றும் கூடாது.

பூஸ்ட் ஓவர்ரைட் என்பது உச்ச வேகத்தின் வரம்பு. அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டலாம். எடுத்தவுடன் இதைப் போடாதீர்கள், இப்போதைக்குச் சுழியமாகவே இருக்கட்டும்.

கர்வ் ஆப்டிமைசருக்கு வருவோம். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ப்ராசசருக்குள் ஒரு வளைகோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே அச்சில் வந்த லட்சக்கணக்கான சில்லுகளில் சோப்ளாங்கியானதும் தேற வேண்டும் என்பதற்காக அதில் கொஞ்சம் தாராளம் இருக்கும். அந்தத் தாராளத்தைத்தான் நாம் குறைக்கிறோம். குறைக்கும் எண் 0-விலிருந்து 30 வரை, ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடும் வாட்டும் குறைந்தால் ப்ராசசர் தானாகவே மேலே ஏறும்.

‘ஆல் கோர்’ என்று ஒரே எண் போடுவது சுலபம், ஆனால் ஆறு கோரும் ஒரே மாதிரி இருக்காது. ‘பெர் கோர்’ என்று வையுங்கள், குறியீட்டை நெகட்டிவ் ஆக்குங்கள். தவறிப்போய் பாசிட்டிவில் விட்டால் வோல்டேஜ் கூடிவிடும், இரண்டு முறை பாருங்கள். பிறகு ஹெச்டபிள்யூஇன்ஃபோ-வில் கோர்களின் தரவரிசையைப் பாருங்கள். முதல் இரண்டு இடத்தில் இருக்கும் நல்ல கோர்களுக்கு மைனஸ் 10, மற்ற நான்குக்கும் மைனஸ் 15 என்று ஆரம்பியுங்கள். நல்ல கோருக்கு ஏன் குறைவான சலுகை என்று கேட்கலாம். தனி ஆளாக உச்ச வேகத்துக்கு ஓடுவது பெரும்பாலும் அந்தக் கோர்கள்தான், அவற்றின் வளைகோட்டில் தாராளமும் ஏற்கெனவே குறைவு. எனவே பொதுவாக அவைதான் முதலில் தடுமாறும். மற்றவை பலவற்றில் மைனஸ் 25, 30 வரைகூட போகும்.

சோதனை, பொறுமை

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது, ப்ராசசரைக் கடுமையாக உழைக்கவைக்கும் பிரைம்95 இரவெல்லாம் ஓடியது, ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அல்லது டெஸ்க்டாப்பில் எதுவுமே செய்யாமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். காரணம் எளிது. எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் குறைவு, அந்த வேகத்துக்கு வோல்டேஜ் தாராளமாகவே இருக்கும். வேலை குறைவாக இருக்கும்போதுதான் ஒரே ஒரு கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும், வோல்டேஜ் போதாமல் போவது அந்தத் தாவலில்தான். கர்வ் ஆப்டிமைசரின் பலவீனம் பளுவில் வெளிப்படாது, ஓய்வில்தான் வெளிப்படும்.

அதற்கென்றே கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஒரே த்ரெட்டாக ஓட்டிவிட்டு அடுத்த கோருக்குத் தாவும். எஸ்எஸ்இ முறையில் வையுங்கள், ஏவிஎக்ஸ் வேண்டாம் (இரண்டும் ப்ராசசரின் கணக்குக் கட்டளைத் தொகுப்புகள்), ஏவிஎக்ஸில் சூடும் வாட்டும் கூடுவதால் வேகம் உச்சத்துக்குப் போகாது, நமக்கு வேண்டியதோ உச்ச வேகச் சோதனை. முதல் சுற்று ஒரு கோருக்கு ஆறு நிமிடம் போதும். எந்தக் கோரில் பிழை என்று அதுவே சொல்லும். பிழை வந்த கோருக்கு மட்டும் 3 எண் தளர்த்துங்கள், அதாவது மைனஸ் 15 என்றால் மைனஸ் 12. தேறிய கோருக்கு 3 எண் இறுக்குங்கள். மறுபடி ஓட்டுங்கள். இப்படி நான்கைந்து சுற்றில் ஒவ்வொரு கோரின் எல்லையும் தெரியவரும், அந்த எல்லையிலிருந்து 2 அல்லது 3 எண் பின்வாங்கி நிறுத்துங்கள். கடைசிச் சுற்றை ஒரு கோருக்கு ஒரு மணி நேரமாக, இரவில் படுக்கப் போகும்போது ஓட்டிவிடுங்கள்.

கணினி பிழை எதுவும் சொல்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரைத் தேடுங்கள். 18 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தால் அதற்குள் ‘ஏபிஐசி ஐடி’ என்று ஓர் எண் இருக்கும். 5600-இல் 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது, இப்படியே இரண்டிரண்டாக எண்ணிக்கொண்டு போங்கள். குற்றவாளி எந்தக் கோர் என்று அது பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கும். பயாஸில் கோர்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு பொறி: எந்தப் பிழையும் இல்லாமல் வேகம் மட்டும் போலியாகக் காட்டுவது. வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் ப்ராசசர் விழாமல் தன் கடிகாரத்தை இழுத்து நீட்டிச் சமாளிக்கும், திரையில் உச்ச வேகத்தையே காட்டும், உண்மையில் வேலை அந்த வேகத்தில் நடக்காது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ-வில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்ற வரிசை தனியாக இருக்கிறது, முழுப் பளுவில் அதற்கும் சாதாரண வேகத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பின்வாங்குங்கள். எண் இறங்க இறங்க ஸ்கோர் ஏறி வந்து, ஓர் இடத்தில் ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு பூஸ்ட் ஓவர்ரைடைக் கையிலெடுங்கள். முதலில் 50, சோதனை, பிறகு 100, சோதனை. வேகம் கூடக் கூட நல்ல கோர்களின் எண்ணை மறுபடி தளர்த்த வேண்டியிருக்கும். என் ப்ராசசரில் 200-இல் நிற்க வேண்டுமென்றால் ஒரு கோரை மைனஸ் 4 வரை கொண்டுவர வேண்டியிருந்தது. 150-இல் அதே கோர் மைனஸ் 12-இல் அமைதியாக இருந்தது. நான் 150-இல் விட்டுவிட்டேன். 50 மெகாஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய ஒரு சதவீதம்தான், அதற்காக நிம்மதியை விற்க எனக்கு மனமில்லை.

லேசான வேலையில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பதற வேண்டாம். ரைசன் 5000-இல் அது இயல்பு. ஒற்றைக் கோர் கொஞ்ச நேரம் தாவும்போது மின்னோட்டம் மிகக் குறைவு, எனவே ஆபத்து இல்லை. அதே 1.4-ஐ எல்லாக் கோரும் முழுப் பளுவில் ஓடும்போது நிரந்தரமாகக் கொடுத்தால்தான் சில்லு தேயும்.

பழைய முறையில் பெருக்கியைப் பூட்டினால் என்ன?

செய்யலாம், 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம், பெருக்கி 46, வேகம் 4.6. ஆனால் எல்லாக் கோரையும் சேர்த்து 4.6-இல் நிறுத்த அதிக வோல்டேஜ் வேண்டும், ப்ராசசர் இழுக்கும் மின்சாரமோ வோல்டேஜின் இருபடியாக ஏறும். வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினால் வாட் 21 சதவீதம் கூடும், வேகமும் கூடுவதால் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். ஒற்றைக் கோர் தாவலும் போய்விடும், சும்மா இருக்கும்போது வோல்டேஜ் இறங்குவதும் நின்றுவிடும். அப்படியும் செய்தே தீருவேன் என்றால் 1.25 வோல்ட்டில் தொடங்கி, 1.3-ஐத் தாண்டாமல், 25 மெகாஹெர்ட்ஸாக ஏறுங்கள். விளையாட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு

பெயரின் முடிவில் கே (அல்லது கேஎஃப், கேஎஸ்) இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேமை ஏற்றலாம், ப்ராசசர் பெருக்கியை ஏற்ற முடியாது. ஐ5-12600கே-வில் பெரிய கோர்கள் 4.9 வரை போகும். தேவைக்கேற்ப மாறும் அடாப்டிவ் வோல்டேஜில் வைத்து, பெருக்கியை ஒன்று ஒன்றாக ஏற்றி, பளு ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோடு லைன் கேலிபிரேஷனை நடுத்தரத்தில் வையுங்கள். அதை உச்சத்தில் வைத்தால் பளு இறங்கும் நொடியில் வோல்டேஜ் எகிறும். 13-ஆவது, 14-ஆவது தலைமுறை வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக்கைப் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். அதிகப்படியான வோல்டேஜால் அந்தச் சில்லுகள் நிலைகுலைந்தது 2024-இல் பெரிய விவகாரமாகி, இன்டெல் 0எக்ஸ்129, பிறகு 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் இல்லாத பயாஸில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏற்றாதீர்கள்.

கணினி எழவே இல்லையென்றால்

பயப்பட வேண்டாம், இங்கே சொன்ன வோல்டேஜ் எல்லைகளைத் தாண்டாதவரை தவறான எண்ணால் பெரும்பாலும் ஒரு போர்டு செத்துவிடாது. பல போர்டுகள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுத் தாமே இயல்பு நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் கரண்ட்டை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, போர்டில் ‘கிளியர் சிமாஸ்’ என்று இருக்கும் இரண்டு பின்களை ஸ்குரூடிரைவரால் பத்து விநாடி தொடுங்கள். அல்லது வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மறுபடி எழும்போது எல்லாம் தொழிற்சாலை எண்களில் இருக்கும், நோட்டைப் பார்த்துக் கடைசியாகத் தேறிய எண்களைப் போடலாம்.

எல்லாம் தேறிய பிறகு பயாஸில் அதை ஒரு ப்ரொஃபைலாகச் சேமியுங்கள், கர்வ் ஆப்டிமைசர் பக்கத்தை ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடுத்த பயாஸ் புதுப்பிப்பில் சேமித்த ப்ரொஃபைல்கள் அழிந்துபோகும் போர்டுகளே அதிகம். அப்போது எண்களைத் திரும்ப உள்ளிட்டதோடு விட்டுவிடாமல் கோர்சைக்ளரை ஒரு இரவு மறுபடி ஓட்டுங்கள், புதிய பயாஸில் பழைய மைனஸ் 20 ஒரு கோருக்கு ஒத்துவராமல் போனதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கோரை 17-க்குத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது.